பஞ்சாரத்துக்குள்ள ஒரு பேஷன்ட்!

‘கோழி மிதிச்சு குஞ்சு சாகாது’ன்னு சொல்லி வெச்ச புண்ணியவான்கள், கோழியை எதெது மிதிக்கும்னும் ஒரு லிஸ்ட் போட்டு வெச்சிருக்கலாம். தெரு நாய், கீரி, காட்டுப் பூனை, வட்டம் போடுற பருந்து, முட்டுச் சந்துல முறுக்கிக்கிட்டு வர்ற பைக், காத்துக்குப் படார்னு சாத்திக்கிற கதவு... நாட்டுக்கோழிக்கு எமன், நமக்கு வர்ற சர்ப்ரைஸ் டெஸ்ட் மாதிரி. எந்தப் பக்கமிருந்து வரும்னே தெரியாது!

லீவுக்கு ஊருக்குப் போற ஹாஸ்டல் மக்களே, இந்த வாரம் உங்களுக்குத்தான். கொல்லையில ஒரு கோழி அடிபட்டுக் கிடக்கும். வீடே சுத்தி நிக்கும். அப்புறம் எல்லாக் கண்ணும் மெதுவா உங்க பக்கம் திரும்பும். ‘படிச்ச புள்ள... நீ சொல்லு, என்ன பண்ணலாம்?’ நான் படிக்கிறது எலெக்ட்ரானிக்ஸ்னு சொன்னா யார் காதுலயும் ஏறாது. ஊரைப் பொறுத்தவரைக்கும் படிப்புன்னா எல்லாம் படிப்புதான்!

அந்த நேரத்துல திருதிருன்னு முழிக்காம இருக்கத்தான் இந்த மேட்டர். ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். கோழி வைத்தியத்துல நாம செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செய்யாம கையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான் நிறைய!

குழம்பா... வைத்தியமா?

சிரிக்காதீங்க, சீரியஸ் கேள்வி இது. அடிபட்ட கோழியைப் பார்த்ததும் ஊர்ல முதல்ல வர்ற யோசனை, ‘உசுரு இருக்கும்போதே அறுத்துடலாம்’ங்கிறதுதான். அதுல கல்நெஞ்சம் எல்லாம் ஒண்ணுமில்லை. சந்தையில நானூறு, ஐநூறுன்னு போற உருப்படி. செத்துப்போச்சுன்னா ஒரு ரூபாய்க்கு ஆகாது. பொழைக்குமா, பொழைக்காதான்னே தெரியாத ஒண்ணுக்கு எவ்வளவு மெனக்கெடுறதுங்கிறது நியாயமான கணக்குதான்.

ஆனா, அந்தக் கணக்கை முதல் அஞ்சு நிமிஷத்துலயே போட்டு முடிச்சுடணும். ஏன்னா, ஆன்டிபயாடிக், வலி மருந்துன்னு ஏதாவது உள்ளே போயிடுச்சுன்னா, அது உடம்பை விட்டு வெளியேறப் பல நாள் ஆகும். அதுவரைக்கும் கறியும் ஆகாது, முட்டையும் ஆகாது. எத்தனை நாள்ங்கிறது மருந்துக்கு மருந்து மாறும். ஊசி போடுற டாக்டர்கிட்டயே கேட்டு, காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கணும். ‘ரெண்டு நாள் மருந்து கொடுத்துப் பார்ப்போம், தேறலைன்னா குழம்பு வெச்சுடுவோம்’னு ஒரு பிளான் போடுவாங்க பாருங்க... அது மட்டும் வேண்டவே வேண்டாம். மருந்து கொடுத்த நிமிஷத்துல இருந்து அது குழம்புக் கோழி இல்லை பாஸ்... பேஷன்ட்!

எங்க வீட்டுல இந்தக் கேள்வி போன டிசம்பர்ல வந்துச்சு. அஞ்சாவது செமஸ்டர் எக்ஸாம் முடிச்சு, சிவகங்கைப் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தாவோட செவலைக் கோழியை நாய் கவ்விடுச்சு. எப்படியோ உதறிக்கிட்டு வேலிக்குள்ள புகுந்துடுச்சு கோழி. முதுகுல உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிஞ்சு தொங்குது. சித்தப்பா அரிவாள்மணையைத் தேடவே ஆரம்பிச்சுட்டார்.

‘‘ஆத்தா, இது தேறாது. பேசாம அறுத்துருவோம்.’’

‘‘ஏண்டா, அந்த ஏழு குஞ்சையும் யாரு மேய்க்கிறது... நீ மேய்க்கிறியா?’’

மூணு வாரக் குஞ்சுங்க ஏழு. அப்பத்தா கணக்குல அங்கே கிடந்தது ஒரு கோழி இல்லை, எட்டு. அதோட இன்னொண்ணும் இருக்கு. ஊர்ல நம்ம பொம்பளைங்க யாரையும் கேட்காம செலவு பண்ற காசுன்னா, அது முட்டையும் கோழியும் வித்த காசுதான். வெத்தலை பாக்குல ஆரம்பிச்சு, பேத்தி காலேஜுக்குக் கிளம்பும்போது கையில திணிக்கிற நோட்டு வரைக்கும் எல்லாம் அந்தச் சுருக்குப் பையில இருந்துதான் வரும். அதுல ஒரு பேடு போகுதுன்னா, பேங்க் அக்கவுன்ட்ல ஒரு துண்டு விழுற மாதிரி. ஆக, தீர்ப்பு ஆச்சு: வைத்தியம்!

பிடிக்கிறதே பாதி வைத்தியம்

அடிபட்ட கோழியைத் தெரு முழுக்கத் துரத்திப் பிடிக்கிறதுல காயத்தைவிடப் பயத்துலயே அது பாதி செத்துடும். ஒரு மூலைக்கு மெதுவா ஒதுக்கி, மேல ஒரு துண்டைப் போடுங்க. கண்ணு மறைஞ்சுட்டா கோழி சட்டுன்னு அடங்கிடும். ரெண்டு றெக்கையையும் உடம்போட சேர்த்து, அடிவயித்துக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தூக்கணும்.

நெஞ்சை மட்டும் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. இது ரொம்ப முக்கியம். நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்னு ஒரு தசை இருக்கு. அது ஏறி இறங்கித்தான் நமக்கு மூச்சு. கோழிக்கு அந்தத் தசை கிடையாது. நெஞ்செலும்பு அசைஞ்சாத்தான், கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி காத்துப் பைகள் விரிஞ்சு சுருங்கும். நெஞ்செலும்பை இறுக்கிட்டா துருத்தி ஸ்டாப். மூக்கைத் தொடாமலேயே மூச்சை நிறுத்துற வேலை அது!

காலைக் கட்டித் தலைகீழாத் தொங்கவிடுறதும் இதே கதைதான். வயித்துல இருக்கிறதெல்லாம் அந்தக் காத்துப் பைகள் மேல சரிஞ்சு அழுத்தும். பைக் ஹேண்டில்பார்ல பத்துக் கோழியைத் தோரணம் கட்டிக்கிட்டுப் போறதைச் சந்தை நாள்ல எல்லாரும் பார்த்திருக்கோம். விலங்குகளுக்கு வலி உண்டாகுற மாதிரி கொண்டு போறது, 1960-ம் வருஷத்து விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கு நம்ம ஒயர் கூடையோ, கட்டைப்பையோ போதும். உள்ளே துணி விரிச்சு, நிமிர்ந்து உட்கார்ந்த வாக்குல வெச்சு, மேல லேசா மூடிட்டா... ராஜ பயணம்!

ஒரு டீ கிளாஸ் ரத்தம்

ஒண்ணரைக் கிலோ கோழியோட உடம்புல இருக்கிற மொத்த ரத்தமே சுமார் 100 மில்லிதான். ஒரு டீ கிளாஸ்! அதனால நமக்குக் ‘கொஞ்சம் ரத்தம்’னு தோணுறது அதுக்குப் பெரிய விஷயம். சுத்தமான துணியை மடிச்சு, காயத்து மேல அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நடுவுல நடுவுல ‘நின்னுடுச்சா?’ன்னு எட்டிப் பார்க்கக் கூடாது. உறைய ஆரம்பிச்சதையும் அது பிச்சு விட்டுடும். நகம் ஒடிஞ்சு ரத்தம் வந்தா சோள மாவை அப்பி அழுத்தினா நிக்கும்.

அடுத்தது, தனி ரூம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில சாக்கோ பழைய வேட்டித் துணியோ. வெறும் பேப்பர் வழுக்கும், வேண்டாம். வெளிச்சமும் சத்தமும் இல்லாத மூலையில வைக்கணும். பாசமா இருக்கேன்னு கூட்டத்தோடயே விட்டீங்கன்னா போச்சு. கோழிங்களுக்குச் சிவப்பைப் பார்த்தா கொத்தணும். நேத்து வரைக்கும் ஒண்ணா மேய்ஞ்ச ஃப்ரெண்டுங்கதான், காயத்தைக் கொத்திக் கொத்திப் பெருசாக்கும்.

கோழியோட நார்மல் உடம்புச் சூடு 41-ல இருந்து 42 டிகிரி செல்சியஸ். நமக்கு அந்தச் சூடு இருந்தா வீட்டுல வண்டியை வரவழைச்சுடுவாங்க! அடிபட்ட அதிர்ச்சியில அந்தச் சூடு இறங்கும். அதனால பனி நாள்ல பெட்டியோட ஒரு பக்கத்துல மட்டும் 40 வாட்ஸ் பல்ப் ஒண்ணைக் கட்டுங்க. துணியிலயோ அட்டையிலயோ படாத தூரத்துல. எல்.இ.டி. பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்ப்தான் வேணும். (எலெக்ட்ரானிக்ஸ் படிச்சதுக்கு எங்க வீட்டுல எனக்குக் கிடைச்ச ஒரே மரியாதை இந்த பாயின்ட்டுக்குத்தான்!) கோழிக்குச் சூடு போதும்னா இருட்டுப் பக்கமா நகர்ந்து போக இடம் இருக்கணும். சித்திரை வெயில்ல இதெல்லாம் வேண்டாம். கோழிக்கு வேர்க்காது. வாயைப் பிளந்து இளைச்சா, காத்தோட்டமான நிழலுக்கு மாத்துங்க.

கழுவ ஒரு ஃபார்முலா

கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? கொதிக்க வெச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர். அதுல 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டின ஒண்ணரை டீஸ்பூன் தூள் உப்பு. ஆஸ்பத்திரியில ஏத்துற சலைன்ல இருக்கிற அதே அளவு உப்பு. ரத்தத்தோட ஒத்துப்போற அளவுங்கிறதால எரியாது. ஊசியைக் கழட்டின சிரிஞ்சுல எடுத்து, மண்ணும் எச்சிலும் போற வரைக்கும் பீய்ச்சிக் கழுவணும். காயத்தைச் சுத்தி ஒட்டியிருக்கிற இறகைப் பிடுங்காதீங்க, கத்தரியால கத்தரிச்சு விடுங்க. வயிறு கிழிஞ்சு உள்ளே தெரியுதா, காயத்துல இருந்து காத்துக் குமிழி வருதா... தண்ணியைப் பீய்ச்சவே கூடாது, நேரா டாக்டர்தான்.

கழுவின பிறகு பொவிடோன் அயோடினைத் தண்ணி கலந்து, லேசான கட்டன் டீ கலருக்குக் கொண்டு வந்து தடவலாம். ‘மஞ்சள் போடலாமா?’ தாராளமா. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட மூலிகை வைத்தியப் பயிற்சிகள்லயே மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனிக்கெல்லாம் இடம் உண்டு. ஆனா, கழுவாத காயத்து மேல மஞ்சளை அப்பி மெழுகினா, அழுக்கை உள்ளே வெச்சுப் பூட்டின மாதிரிதான். கழுவி முடிச்சு, மெல்லிசா.

நாய் பல்லு விஷயத்துல கூடுதல் கவனம். மேல பார்த்தா சின்ன ஓட்டை மாதிரி இருக்கும், உள்ளே ஆழமா இறங்கியிருக்கும். செவலைக்கு அப்படி ரெண்டு இடம் இருந்துச்சு. அதனாலதான் மறுநாள் காலையிலயே ஒயர் கூடையோட டவுன் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். முன்னாடி நாலு மாடு, ஆறு ஆடு. அதுக்குப் பின்னாடி நாங்க, மடியில கோழி! டாக்டர் சிரிக்கலை. புரட்டிப் பார்த்தார், ஊசி போட்டார், கிழிஞ்ச தோலை இழுத்துத் தைச்சார். ‘‘தோல் காயம் கோழிக்கு வேகமா ஆறும். ஈயை மட்டும் அண்ட விடாதீங்க’’ன்னார்.

அந்த ஈ மேட்டர் உண்மையிலேயே பெரிய மேட்டர். ஈ காயத்துல முட்டை வெச்சா, ஒரே நாளுக்குள்ள பொரிஞ்சு புழு ஆகிடும். அதனால பெட்டியை வீட்டுக்குள்ள வைங்க, மேல கொசுவலைத் துணியால மூடுங்க. எச்சத்தைத் தினமும் ரெண்டு தடவை மாத்துங்க. காயத்தைச் சுத்தி லேசா வேப்பெண்ணெய் தடவலாம், காயத்துக்குள்ள ஊத்த வேண்டாம்.

இதெல்லாம் நோ நோ!

ஊர்ல ஆளுக்கொரு வைத்தியம் சொல்வாங்க. சுண்ணாம்பு, காபிப் பொடி, அடுப்புச் சாம்பல், மண்ணெண்ணெய், பினாயில்... எல்லாத்துக்கும் ஒரே பதில், வேண்டாம். சுண்ணாம்பு சதையை வேக வைக்கும். மண்ணெண்ணெயும் பினாயிலும் தோல் வழியா உள்ளே இறங்கும் விஷம்.

அதைவிட டேஞ்சர், நம்ம மாத்திரை டப்பா. ‘மனுஷனுக்கு நல்லதுன்னா கோழிக்கும் நல்லதுதானே?’ இல்லைங்க. இதுக்கு நம்ம நாடு கொடுத்த விலை ரொம்பப் பெருசு. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ன பாறுக் கழுகுங்களோட சிறுநீரகத்தைக் கெடுத்துடுச்சு. வெண்முதுகுப் பாறு இனம் கொஞ்ச வருஷத்துலயே நூத்துக்கு 99-க்கு மேல அழிஞ்சுபோச்சு. 2004-ல காரணம் வெளியே தெரிஞ்சுது. 2006-ல கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா தடை பண்ணுச்சு. மாட்டுக்கு மருந்தா இருந்தது, பறவைக்கு எமன்! அதனால தலைவலிக்குன்னு நாம வெச்சிருக்கிற எந்த மாத்திரையும் கோழிக்கு வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்ல வாங்கின ஆன்டிபயாடிக் கேப்ஸூலைப் பாதியா பிரிச்சு தண்ணியில கலக்குறதும் அப்படித்தான். அரைகுறை டோஸ்ல சாகாம தப்பிச்ச கிருமி, அடுத்த தடவை அதே மருந்துக்கு அசையாது. நாளைக்கு அது நம்ம உடம்புக்கே வந்து சேரலாம். மனுஷங்களுக்குக் கடைசிக் கட்டத்துல கொடுக்கிற கோலிஸ்டின் மருந்தை, கோழிப் பண்ணைகள்ல பயன்படுத்தக் கூடாதுன்னு 2019-ல மத்திய அரசு தடை போட்டது இந்தப் பயத்துலதான்.

தண்ணி ஊத்தாதீங்க... காட்டுங்க!

சோர்ந்து கிடக்கிற கோழியைப் பார்த்ததும் வாயைப் பிளந்து தண்ணி ஊத்துறது நம்ம ஊர்ப் பாசம். அந்தப் பாசத்துல நிறையக் கோழி போயிருக்கு. கோழிக்கு மூச்சுக் குழாயோட வாசல், நாக்குக்குப் பின்னாடியே திறந்து கிடக்கும். ஊத்துற தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிடும்.

அமெரிக்காவுல 1945-ல, வெட்டும்போது தலை போயும் மூளைத்தண்டு தப்பிச்சதால 18 மாசம் உசுரோட இருந்த ‘மைக்’ சேவல் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது எப்படிச் செத்துச்சு தெரியுமா? தலை இல்லாததால இல்லை. ஒரு ராத்திரி தொண்டையில சளி அடைச்சு, அதை உறிஞ்சி எடுக்கிற சிரிஞ்ச் கையில இல்லாததால! மூச்சு வாசல் அவ்வளவு முக்கியம்.

ஆக, சின்னக் கிண்ணத்துல தண்ணி வெச்சு, அலகு நுனியை மட்டும் லேசா தொட வைங்க. தானா உறிஞ்சி, தலையைத் தூக்கி விழுங்கும். முதல் நாள் தண்ணியில ஓ.ஆர்.எஸ். பவுடரைப் பாக்கெட்டுல போட்ட அளவுப்படி கலந்து வைக்கலாம். தீனிக்கு அவசரமே இல்லை. தண்ணி குடிச்சு, கண்ணு தெளிஞ்ச பிறகு ஊறவெச்ச கம்பு, குழைஞ்ச சோறு, அவிச்ச முட்டையோட மஞ்சள் கரு. (ஆமாம், முட்டைதான். முறைக்காதீங்க, கோழிக்கு அது நல்ல புரதம்!)

எச்சம்தான் லேப் ரிப்போர்ட்

கோழி வலியை வெளியே காட்டாது. காட்டினா மத்த கோழி கொத்தும், பருந்து குறி வைக்கும். அதனால ‘நல்லாத்தானே நிக்குது’ன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கும்போதே நிலைமை மோசமாகியிருக்கும். அப்போ எதைப் பார்க்கிறது?

ஒண்ணு, உட்கார்ற விதம். இறகைச் சிலிர்த்துக்கிட்டு, கழுத்தை உள்ளே இழுத்து, பகல்லயே கண்ணை மூடி மூடித் திறந்தா வலி இருக்கு. ரெண்டு, தீனிப்பை. கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வலப் பக்கமா தடவினா தெரியும். சாயங்காலம் நிறைஞ்சும், விடியக்காலையில காலியாவும் இருக்கணும். காலையிலயும் கல்லு மாதிரி இருந்தா செரிக்கலை. மூணு, எச்சம். பழுப்பா இருந்து மேல வெள்ளைத் தொப்பி போட்டிருந்தா ஓகே. அந்த வெள்ளைதான் அதோட சிறுநீர்க் கழிவு. பச்சையா, தண்ணியா இருந்தா சாப்பாடு உள்ளே போகலை, வெறும் பித்தம்தான் வெளியே வருதுன்னு அர்த்தம். காசே இல்லாம கிடைக்கிற லேப் ரிப்போர்ட்டுங்க இது!

செவலைக்கு முதல் ரெண்டு நாள் பச்சைதான். குஞ்சுங்களை அதோட விட முடியாது, தையலைக் கொத்திடும். அதனால பக்கத்துலயே இன்னொரு பஞ்சாரத்துல ஏழையும் போட்டு, ராத்திரி ஆனா பல்ப் வெச்ச கூடைக்கு மாத்தினோம். மூணாவது நாள் காலையில ஊறவெச்ச கம்பைக் கையில வெச்சு நீட்டினேன். செவலை ஒரு மணியை அலகுல எடுத்துச்சு, கீழே போட்டுச்சு, ‘க்கொக்... க்கொக்...’னு குரல் கொடுத்துச்சு. மறுபடியும் எடுத்துச்சு, போட்டுச்சு. திங்க முடியலையோன்னு நினைச்சேன்.

‘‘ஏத்தா, அது திங்க முடியாம இல்லை. குஞ்சுகளைச் சாப்பிடக் கூப்பிடுது’’ன்னாங்க அப்பத்தா.

ரெண்டு நாளா தான் ஒண்ணுமே சாப்பிடாம, முதுகுல தையலோட, கிடைச்ச முதல் மணியை அது குஞ்சுக்கு வெச்சுது. பக்கத்துப் பஞ்சாரத்துல ஏழும் மூங்கிலுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுக் கத்துதுங்க. அங்கேயும் ஒரு கை கம்பை அள்ளிப் போட்டோம். அதுங்க கொத்துற சத்தம் கேட்ட பிறகுதான் செவலை தின்ன ஆரம்பிச்சுது. மறுநாள் எச்சத்துல வெள்ளைத் தொப்பி!

கால் ஒடிஞ்சா?

கீழ்க்கால்ல, எலும்பு வெளியே வராம ஒடிஞ்சிருந்தா, நேரா நிமிர்த்தி, ஐஸ் குச்சி ரெண்டைப் பஞ்சு சுத்தி ரெண்டு பக்கமும் வெச்சு, பேப்பர் டேப் போட்டுக் கட்டலாம். விரல் வீங்கினாலோ, ஜில்லுன்னு ஆனாலோ கட்டு இறுக்கம், உடனே தளர்த்தணும். சரியா அசையாம இருந்தா மூணு வாரத்துல கூடிடும். பறவை எலும்பு சீக்கிரம் சேரும்.

றெக்கை ஒடிஞ்சு தொங்கினா, இயல்பா மடிச்சு உடம்போட சேர்த்துத் துணியால சுத்தணும். இங்கேயும் அதே ரூல்தான், நெஞ்சு இறுகக் கூடாது. றெக்கையோட மேல் எலும்புக்குள்ள காத்துப் பையே போகுது. அதனால அங்கே எலும்பு குத்திக்கிட்டு வெளியே வந்திருந்தா கழுவக்கூட வேண்டாம், மூடிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க.

இன்னொரு உஷார். எல்லா நொண்டலும் அடி இல்லை. கழுத்து முறுக்கிக்கிட்டு, பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சா அது வெள்ளைக் கழிச்சலா இருக்கலாம். ஒரு கால் முன்னாடி, ஒரு கால் பின்னாடி நீட்டிக்கிட்டுக் கிடந்தா மேரக்ஸ் நோயா இருக்கலாம். அடுத்தடுத்துக் கோழிங்க சாகுதுன்னா தொடாதீங்க, கறிக்கும் கொடுக்காதீங்க, கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லுங்க. பறவைக் காய்ச்சலாக்கூட இருக்கலாம். சாதாரண நாள்லயும் கோழியைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாம சாப்பாட்டுல வைக்கக் கூடாது. சால்மோனெல்லா கிருமி நல்லா இருக்கிற கோழிகிட்டயும் இருக்கும்.

மறுபடியும் கூட்டத்துல...

காயம் ஆறிடுச்சு, விட்டுடலாம்னு திடீர்னு கொண்டு போய்க் கூட்டத்துல விட்டா, புதுசா வந்த ஃபர்ஸ்ட் இயர் மாதிரி நல்லா ராகிங் வாங்கும்! கோழிக் கூட்டத்துல யாரு யாரைக் கொத்தலாம்னு ஒரு வரிசை இருக்கு. தன் வீட்டுக் கோழிகளைச் சின்ன வயசுல இருந்தே பார்த்து, 1921-ல இதை எழுதி வெச்சவர், நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஷெல்டருப் எப்பே. ‘பெக்கிங் ஆர்டர்’னு இன்னிக்கு ஆபீஸ் அரசியல் வரைக்கும் பேசுறோமே, அது இவர் கோழிங்க கொடுத்த வார்த்தை. சில நாள் காணாமப் போன கோழிக்கு அந்த வரிசையில இடம் போயிடும்.

இதுக்கு நம்ம ஊர் விடை, பஞ்சாரம். பகல்ல முற்றத்துல பஞ்சாரத்துக்குள்ள வெச்சா, மத்த கோழிங்க பார்க்கலாம், பேசலாம், கொத்த முடியாது. நாலஞ்சு நாள் அப்படி வெச்சுட்டு, ஒரு சாயங்காலம் அடையுற நேரத்துல கூட்டுல சேர்த்து விடணும். விடியும்போது எல்லாம் ஒண்ணாவே எழுந்திரிக்கும், சண்டை குறையும். முதல் நாள் மட்டும் பக்கத்துல இருந்து பாருங்க.

எல்லாக் கோழியும் பொழைச்சுடாதுங்கிறதையும் சொல்லணும். ரெண்டு மூணு நாள் ஆகியும் தண்ணி இறங்கலை, நிக்க முடியலை, மூச்சு வாய் வழியா திணறுதுன்னா, வைத்தியம்ங்கிற பேர்ல இழுத்துப் பிடிக்கிறது நம்ம திருப்திக்குத்தான், அதோட நிம்மதிக்கு இல்லை. வலி இல்லாம அனுப்பி வைக்க டாக்டரால முடியும். கேளுங்க. அதுவும் வைத்தியத்துல ஒண்ணுதான்.

கடைசியா, லீவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி உங்க பேக்ல இடம் இருந்தா இதை வாங்கிப் போட்டுக்கிட்டுப் போங்க: ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒண்ணு, பொவிடோன் அயோடின் பாட்டில், பேப்பர் டேப், ரெண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். நூறு, நூத்தம்பது ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். போன்ல 1962-ங்கிற நம்பரையும் ஏத்திக்கோங்க. கால்நடை அவசர உதவிக்கான இலவச நம்பர் அது. உப்பும் மஞ்சளும் பழைய வேட்டியும் உங்க வீட்டுலயே இருக்கும். கொஞ்சம் பொறுமை மட்டும் நீங்க கொண்டு போகணும்.

அப்புறம் என்ன... ‘படிச்ச புள்ள, நீ சொல்லு’ன்னு கேட்டாங்கன்னா, சொல்லிடலாம்ல?

அடுத்த வாரம் வேற மேட்டரோட மீட் பண்ணுவோம். பை மக்களே!